இரண்டாம் தசமத்துக்கு அப்பால்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கண் சத்தியமாக, சாப்பிடும் சோற்றின் மேல் சத்தியமாக, உண்மை. எண்களை மட்டும் நம்ப மனம் வராதவர்கள் கையில் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கூடவே தட்டிப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது 0.4047 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்பது 2.471 ஏக்கர். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு லேத் பட்டறை சிக்கிக்கொண்டது. அது தப்பித்த விதம் மட்டும்தான் இங்கே சொல்லப்படுகிறது. ஒரு பிடி உப்பு கூடச் சேர்க்கப்படவில்லை.

நில அளவை அலுவலகத்தில் இரண்டே அறைகள். முன்னறையில் பெரிய ஐயா. சனங்கள் ஏக்கரில் பேசுவதால் அவரும் ஏக்கரில்தான் எழுதுவார். பின்னறையில் ஒரு சர்வேயர். வரைபடங்கள் ஹெக்டேரில் இருப்பதால் அவருக்கு எல்லாமே ஹெக்டேர். முன்னறையிலிருந்து ஒரு கோப்பு பின்னறைக்குப் போனால் ஏக்கர் ஹெக்டேராகும். திரும்பி வந்தால் ஹெக்டேர் ஏக்கராகும். நடுவில் ஒரு கதவு, அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போட்டிருக்கலாம். மற்றபடி குறையொன்றும் இல்லாத ஏற்பாடு.

சர்வேயருக்குத் தசமத்தார் என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் அவரே போட்ட ஒரு விதி. முன்பெல்லாம் அந்த அலுவலகத்தில் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் எழுதுவார்கள். ஏழாவது இலக்கத்துக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த இலக்கம் குறிக்கும் நிலத்தில் ஒரு புறா நிற்கலாம், திரும்ப முடியாது. இதையெல்லாம் பார்த்து வெறுத்துப்போன தசமத்தார், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும், மிச்சத்தை வெட்டிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மிச்சம் இருக்கிறதே என்று எண்ணை மேலே தள்ளக் கூடாது. தள்ளினால் இல்லாத நிலத்தை அரசாங்கம் தூக்கிக் கொடுத்தது போல ஆகிவிடும். பெரிய ஐயா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு இரண்டு அறையிலும் மாட்டினார். சண்டைகள் அடங்கின. தசமத்தார் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அங்குலத்துக்குப் பிறகு வந்த தசமத்தை அவரே வெட்டிவிட்டார்.

இப்படி நாள் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மச்சானின் விண்ணப்பம் வந்தது.

மச்சான் என்றால் தசமத்தாரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. நாலு தெரு தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கிறான். பெரிய எந்திரம் ஒன்று வாங்கப் போகிறான், அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், மின்சாரம் வேண்டுமென்றால் இடத்தின் பரப்புக்குச் சான்று வேண்டும். பட்டறை நிற்கும் மனை 0.12 ஏக்கர். அதில் ஒரு சாண் கூடச் சும்மா கிடக்கவில்லை. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் இரும்பு.

தசமத்தாரின் மனைவி தையல்காரி. அன்று காலை துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபடியே சொன்னாள்:

"என்னங்க, தம்பி கோப்பு உங்ககிட்டதான் வருது. சொந்தக்காரன்னு சலுகை எதுவும் காட்ட வேணாம். ஆனா சொந்தக்காரன்னு சொல்லி கழுத்தையும் அறுத்துடாதீங்க."

"என்கிட்ட எல்லாக் கோப்பும் ஒண்ணுதான்," என்றார் தசமத்தார்.

"அதத்தான் சொல்றேன்."

கோப்பு வந்தது. 0.12 ஏக்கரை ஹெக்டேராக்கினால் 0.0486. வெட்டினால் 0.04. கையெழுத்துப் போட்டு முன்னறைக்கு அனுப்பினார். பெரிய ஐயா 0.04 ஹெக்டேரை ஏக்கராக்கினார். 0.0988. வெட்டினால் 0.09. அப்புறம் விண்ணப்பத்தைப் பார்த்தார். அதில் 0.12 என்று இருந்தது.

"என்னய்யா, உங்க மச்சான் இல்லாத இடத்தையெல்லாம் சேத்து எழுதியிருக்காரு," என்றார் கதவு வழியாக. "நேர்ல போய் அளந்துட்டு வாங்க."

தசமத்தார் அளவைச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு முனையை மச்சான் பிடித்தான். நாலு மூலைக் கல்லும் அசையாமல் நின்றன. கல்லின் மேல் பாசி கலையவில்லை, ஒரு கல்லின் அடியில் எறும்புப் புற்று உடையாமல் இருந்தது. யாரும் பிடுங்கி நட்டதாகத் துளி அடையாளம் இல்லை. அளந்தார், பெருக்கினார். 0.09 ஏக்கர். தலைகீழாக அளந்தார். மறுபடியும் 0.09.

"நிலம் ஒழுங்காத்தான் இருக்கு," என்றார்.

"அப்ப இது யாரு மாமா?" என்றான் மச்சான்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அதில் மூன்று பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பின்மனையில் இருந்த பல் டாக்டரின் நோயாளிகள். நிலம் சுருங்கியதில் டாக்டரின் காத்திருக்கும் அறை பாதி உள்ளே வந்துவிட்டது. மச்சான் சாணைக்கல்லை ஓட்டிப் பார்த்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட மூன்று பேரும் வலி போய்விட்டது என்று சொல்லி எழுந்து நடந்தார்கள்.

"டாக்டருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இன்னும் அளவு முடிவாகல. பொறு," என்றார் தசமத்தார்.

எழுதப்பட்ட அளவுக்கு நிலம் கட்டுப்படுகிறது என்பது அவருக்கு அப்போது அதிர்ச்சியாகப் படவில்லை. உள்ளுக்குள் சின்னப் பெருமை கூட இருந்தது. இத்தனை வருடம் நிலத்துக்கு ஏற்ப எழுதி வந்தவருக்கு, ஒரு தடவை நிலம் எழுத்துக்கு ஏற்ப நடந்துகொண்டது மரியாதையாகத்தான் தோன்றியது.

நேரில் அளந்த 0.09 ஏக்கரை அறிக்கையாக எழுதி, முறைப்படி பின்னறையில் ஹெக்டேராக்கினார். 0.0364. வெட்டினால் 0.03. முன்னறையில் அது 0.0741 ஆகி, வெட்டுப்பட்டு 0.07 ஆனது.

"போன வாட்டி ஒம்போதுன்னீங்க, இப்ப ஏழுங்குது," என்றார் பெரிய ஐயா. "உங்களுக்கே ஒரு நிதானம் வேணாமா? மறுபடி அளந்துட்டு வாங்க."

போனார். அளந்தார். 0.07 ஏக்கர், மயிரிழை பிசகாமல். பல் டாக்டரின் நாற்காலியும் இப்போது உள்ளே இருந்தது. டாக்டர் நல்ல மனிதர், பேச்சில்லாமல் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். மச்சான் தண்டு கடையும்போது அவர் பல்லைக் கடைந்தார். இரண்டு எந்திரமும் ஒரே சுருதியில் ஓடின.

அடுத்த சுற்றில் 0.04 வந்தது. பட்டறைக்குப் போகும் தெருக்களும் இதற்குள் நீளம் குறைந்து இடுப்பு வாரைப் போல இறுகியிருந்தன. தபால்காரர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வேலையை முடித்துவிட்டுத் தன் சுறுசுறுப்பை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். லேத்தின் தலை பட்டறைக்குள்ளும் வால் தெருவிலும் இருந்தன. சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் குனிந்து நிமிரப் பழகிவிட்டார்கள்.

"மாமா," என்றான் மச்சான், "அக்காவ உங்களுக்குக் கட்டிக் குடுத்தப்ப எங்க வீட்ல எல்லாரும் சொன்னாங்க. மாப்பிள்ளை அளந்துதான் பேசுவாரு, ரொம்பத் தங்கமானவருன்னு. அளக்காம பேசுறவனுக்கே குடுத்திருக்கலாம்."

தசமத்தார் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் வளைந்து வளைந்து போக, மேசைக்கடியில் துண்டுத் துணி விழுந்துகொண்டே இருந்தது.

"முழு நிலமா இருந்தது மூணுல ஒரு பங்கா நிக்குது," என்றார் அவர். "கணக்குல தப்பில்ல. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் வெட்டறோம், அவ்வளவுதான்."

"வெட்டின துண்டெல்லாம் எங்க விழுது?"

"விழாது. அது எண்ணு."

"நானும் வெட்டறவதான். வெட்டினா விழும்," என்றாள் அவள். "நீங்க எங்க உக்காந்து வெட்டறீங்க, அங்க குனிஞ்சு பாருங்க."

தசமத்தார் சிரித்தார். ஆனாலும் மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். அங்கே அவர் செருப்பு மட்டும் இருந்தது. நிமிர்ந்தவர் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. பின்னறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு காயப்போடத்தான் எப்போதும் இடம் இருந்தது. இப்போது அங்கே பெரிய ஐயாவின் கார் நின்றது. காரைச் சுற்றி ஓட்டப் பந்தயம் வைக்கலாம் போல வெறும் தரை. கால் தடம்கூடப் படாத புதுத் தரை, ஆனால் அங்கங்கே லேத்தில் கடையும்போது விழும் இரும்புச் சுருள் மினுங்கியது.

சங்கிலி போட்டு அளந்தார். கூடுதலாக வந்திருந்தது 0.08 ஏக்கர். பன்னிரண்டில் நாலு போக எட்டு.

நேரே முன்னறைக்குப் போனார்.

"ஐயா, அந்த வெட்டற விதிய நிறுத்தணும். வெட்டினதெல்லாம் நம்ம கொல்லைல வந்து விழுது."

பெரிய ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருசமா காரை வெயில்ல நிறுத்திட்டிருந்தேன். ஒரு நாள் கேட்டீங்களா? இப்ப இடம் கெடச்சிருக்கு, உடனே உங்களுக்குக் கண்ணுல படுது."

"அது என் மச்சான் இடம்யா."

"விதி உங்க விதி. சொந்தக்காரனுக்காகச் சொந்த விதிய வளைக்கிற ஆளா நீங்க? உங்க மேல வச்சிருந்த மதிப்பே போச்சு." பிறகு கோப்பை நீட்டினார். "0.04 தான்னு எழுதி வச்சிருக்கேன். பாத்து அனுப்புங்க."

0.04 ஏக்கர், 0.0162 ஹெக்டேர், வெட்டி 0.01. அது திரும்பிப் போய் 0.0247 ஏக்கர், வெட்டி 0.02. மறுபடியும் சரிபார்க்கச் சொல்லிப் பின்னறைக்கு வந்தது. தசமத்தார் பேனாவை எடுத்தார். 0.02 ஏக்கர் என்பது 0.0081 ஹெக்டேர். வெட்டினால் 0.00.

பேனாவை மூடி வைத்தார்.

பட்டறைக்கு ஓடினார். ஓடியிருக்க வேண்டியதில்லை. தெருக்கள் சுருங்கிக் கிடந்ததால் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். லேத், மச்சான், ஒரு எண்ணெய் டப்பா, பல் டாக்டரின் நாற்காலியில் வாய் திறந்து படுத்திருந்த ஒரு வக்கீல். இவ்வளவுதான் உள்ளே இருந்தது.

"மச்சான், வெளிய வந்துடு. அடுத்த கையெழுத்துல இந்த இடம் பூஜ்யமாயிடும்."

"பூஜ்யத்துக்குள்ள இருக்கறவன் என்ன ஆவான்?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் இருந்ததில்ல."

மச்சான் எண்ணெய்க் கையைத் துடைத்தான். "இந்த லேத்துதான் மாமா எனக்கு எல்லாம். இத விட்டுட்டு வெளிய வந்து நான் யாருன்னு சொல்லிக்குவேன்? பூஜ்யமானா நானும் கூடவே போறேன். அக்காகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

அக்காவிடம் சொல்வதை நினைத்த மாத்திரத்தில் தசமத்தாருக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. பெரிய ஐயாவை அவர் வருடக்கணக்காக அறிவார். வாயால் கேட்டால் எதையும் மறுப்பார். தாளில் முறைப்படி வந்தால் எதிலும் கையெழுத்துப் போடுவார். திரும்பிப் போய், "மூன்றாம் தசமம் முதல் வெட்டுக" என்ற விதிக்குத் திருத்தமாக, "மூன்றாம் தசமம் முதல் எது இருந்தாலும் மேலே தள்ளுக" என்று தட்டச்சு செய்து, எண் போட்டு, கீழே இன்னும் சில தாள்களோடு அனுப்பினார். கையெழுத்தாகி வந்தது. சட்டத்திலிருந்து பழையதை எடுத்துப் புதியதை மாட்டினார். இரண்டு அறையிலும்.

பிறகு பேனாவைத் திறந்தார். 0.0081, மேலே தள்ளினால் 0.01. ஆயுளில் அவர் எதையும் மேலே தள்ளியதில்லை.

முன்னறையில் பெரிய ஐயா சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார், அதன்படியே செய்தார். 0.0247 என்பது 0.03 ஏக்கர் ஆனது. "என்னய்யா இது, ரெண்டு மூணாகுது, போய் அளங்க," என்றார். அளந்தார், 0.03. அது 0.02 ஹெக்டேர், அது 0.05 ஏக்கர். மறுபடி அளங்க. 0.05 ஏக்கர் 0.03 ஹெக்டேராகி, 0.08 ஏக்கராகத் திரும்பியது. லேத்தின் வால் பட்டறைக்குள் போனது. தபால்காரர் சோர்ந்துபோனார். அதிலிருந்து 0.04 ஹெக்டேர், அதிலிருந்து 0.10 ஏக்கர்.

அலுவலகக் கொல்லை அதே வேகத்தில் வற்றியது. கார் இப்போது சுவருக்கும் மதிலுக்கும் நடுவே புத்தகத்தில் வைத்த இலை மாதிரி நின்றது. பெரிய ஐயா அதன் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்கினார். காரணம் கேட்கவில்லை. தன் உடம்பு பெருத்துவிட்டதாக நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தார்.

பட்டறையிலிருந்து பல் டாக்டரின் நாற்காலி வெளியே போயிருந்தது. பெஞ்சு மட்டும் பாக்கி.

"இன்னும் ரெண்டு வரணும் மாமா," என்றான் மச்சான். "பன்னெண்டு வந்தாத்தான் புது எந்திரம் நிக்கும். பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க வேற, என்னைப் பாத்தாலே வாயத் தெறந்து காட்டறாங்க."

அன்றைக்கு வீட்டில் தசமத்தார் கால்குலேட்டரைத் தட்டினார்.

"பன்னெண்டு வராது," என்றார் மனைவியிடம்.

"ஏன்?"

"ஏக்கர்ல பத்து, ஹெக்டேர்ல மேல தள்ளினா அஞ்சாகும். அங்கருந்து திரும்பினா பன்னெண்டு புள்ளி முப்பத்தாறு. மேல தள்ளினா பதிமூணு. ஒண்ணு பத்துல நிக்கணும், இல்ல பதிமூணுல. நடுவுல படியே இல்ல."

"பதிமூணுல நிறுத்துங்க."

"பன்னெண்டு அவனோடது. கூட வர்ற ஒண்ணு?"

"துணி பத்தாட்டி ஒட்டுப் போடுவேன்," என்றாள் அவள். "ஒட்டு எப்பவும் இன்னொரு துணியிலருந்துதான் வரும். அது யாரு துணின்னு பாத்துக்கிறது உங்க பொறுப்பு."

கொல்லையில் மிச்சமிருந்தது 0.02 ஏக்கர்தான். தேவைப்படுவது 0.03. தசமத்தார் மறுநாள் காலை தன் அறையைத் தானே அளந்தார். இத்தனை காலம் அதற்குள் உட்கார்ந்து ஊரையெல்லாம் அளந்தவர், அதை அளந்ததே இல்லை. ஏறக்குறைய நானூற்று முப்பத்தாறு சதுர அடி. 0.01 ஏக்கர்.

சற்று நேரம் சுவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தேநீர்க் குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு 0.10 ஏக்கரை 0.0405 ஹெக்டேராக்கி, மேலே தள்ளி, 0.05 என்று எழுதிக் கையெழுத்திட்டார். கோப்பை முன்னறைக்குத் தானே தூக்கிப் போனார்.

பெரிய ஐயா பெருக்கினார். சட்டத்தைப் பார்த்தார். 0.13 என்று எழுதி முத்திரை குத்தினார்.

"பன்னெண்டு கேட்டாரு, பதிமூணு வந்திருக்கு," என்றார். "சரிபாக்கணும். ஹெக்டேராக்கிட்டு வாங்க."

"ஆக்கிடலாம்யா," என்று தசமத்தார் கதவைத் திறந்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் லேத் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் தசமத்தாரின் மேசை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் சுவரோடு இருந்தன. ஜன்னலுக்கு வெளியே பட்டறையின் வாசல், வாசலில் பெரிய ஐயாவின் கார். நாலு தெருவும் தத்தம் நீளத்துக்குத் திரும்பி, அதனதன் இடத்தில் கிடந்தன. பல் டாக்டரின் பெஞ்சைக் காணோம்.

"ஹெக்டேர் ரூம் எங்கய்யா?" என்று பெரிய ஐயாவின் குரல் கேட்டது.

"இல்லைங்கய்யா."

"அப்ப சரிபாக்க முடியாதா?"

"முடியாதுங்கய்யா."

சரிபார்க்க முடியாத கோப்பு இறுதியானது என்பதும் அலுவலக விதிதான். கோப்பை மூடும் சத்தம் கேட்டது.

மின்சாரம் வந்தது. புது எந்திரம் வந்து, இருந்த இடத்தில் கச்சிதமாக நின்றது. தசமத்தார் இன்றைக்கும் அதே மேசையில்தான் உட்கார்ந்து வேலை பார்க்கிறார், பட்டறைக்குள்ளே. பெரிய ஐயா காரை எடுக்கும்போதெல்லாம் மச்சானிடம் சொல்லிவிட்டு எடுக்கிறார்.

"மாமா, காலத் தூக்குங்க," என்கிறான் மச்சான் அவ்வப்போது. "சுருள் விழுது."

அவர் தூக்கிக்கொள்கிறார்.

கண் சத்தியமாக இன்னொன்று: இதெல்லாம் நடந்த நாட்டில் நிலத்தை ஏக்கரில் அளக்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.